திங்கட்கிழமை வயித்துவலி!

ஞாயித்துக்கிழமை சாயங்காலம் அஞ்சு மணிக்கு மேல கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்கு வந்து பாருங்க பாஸ். சேலம் பஸ், விழுப்புரம் பஸ், திருவண்ணாமலை பஸ்... எதுல ஏறினாலும் நம்ம ஆளுங்கதான். தோள்ல பேக், கையில அம்மா கொடுத்த முறுக்கு டப்பா, காதுல இயர்போன். சீட்டு கிடைக்கலன்னாலும் ஒரே அரட்டை.

அதே பஸ் ஸ்டாண்டுல இன்னொரு கூட்டமும் நிக்கும். கண்ணுல படாது, ஏன்னா உயரம் கம்மி. பெட்டியைக் காலுக்கு நடுவுல வெச்சுக்கிட்டு, ஆயா கையைப் பிடிச்சுக்கிட்டு, ஹாஸ்டலுக்குத் திரும்பற பள்ளிக்கூடத்துப் பசங்க. அரட்டை கிடையாது. சிலது ஜன்னல் பக்கம் மூஞ்சியைத் திருப்பிக்கும். நாம செல்போனைப் பாத்துக்கிட்டே தாண்டிப் போயிடுவோம்.

நானும் அப்படித்தான் போயிட்டிருந்தேன். என் தம்பிக்கு வயிறு வலிக்கற வரைக்கும்.

தம்பி ஏழாங்கிளாஸ். வலி ஞாயித்துக்கிழமை ராத்திரி சாப்பிடும்போது லேசா ஆரம்பிக்கும். திங்கட்கிழமை காலையில சுருண்டு படுத்துக்குவான். பத்து மணிக்கு மேல, அதாவது இனிமே ஸ்கூலுக்குப் போக முடியாதுன்னு ஆன பிறகு, மெல்ல எழுந்து வந்து இட்லி கேப்பான்! ஆயா வேப்பிலை அடிச்சு மந்திரிச்சாங்க. அம்மா ஓமத்தண்ணி வெச்சாங்க. அப்பா வேலைக்கு லீவு போட்டுட்டு டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனார். ஸ்கேன் எடுத்தாச்சு. ரிப்போர்ட்ல ஒண்ணும் இல்ல.

அடுத்த வாரம் லீவுல வீட்டுக்கு வந்த நான், படிச்ச பிள்ளை இல்லையா, ஒரே நிமிஷத்துல தீர்ப்பு சொல்லிட்டேன். ''நடிக்கிறான்ம்மா இவன்.'' அதோட விடாம முதுகுல ஒண்ணு போட்டேன். அவன் அழல. என்னை ஒரு பார்வை பாத்துட்டு யூனிஃபார்மை மாட்டிக்கிட்டுக் கிளம்பிட்டான். அந்தப் பார்வை இன்னிக்கும் எனக்கு ஞாபகம் இருக்கு.

நடிப்பு இல்லங்க அது!

மூளைக்கும் குடலுக்கும் நடுவுல நரம்பு வழியாவும் ஹார்மோன் வழியாவும் ஓயாம பேச்சுவார்த்தை நடந்துட்டே இருக்கு. வைவா அன்னிக்குக் காலையில நாலு தடவை பாத்ரூம் போறோமே, யாராவது நடிச்சுக்கிட்டா போறோம்? பயம் வந்தா உடம்பு தப்பிச்சு ஓடறதுக்கு ரெடியாகுது, செரிமானத்தை அப்புறம் பாத்துக்கலாம்னு தள்ளி வெக்குது, வயிறு இறுகுது. வலி நூறு சதவீதம் நிஜம், காரணம்தான் வயித்துல இல்ல. 'எனக்கு மனசு சரியில்ல'ன்னு சொல்ற வார்த்தை பதினோரு வயசுப் பையன்கிட்ட கிடையாது. வயிறு வலி, தலைவலி, திடீர்னு படுக்கையில மூத்திரம், சும்மா இருக்கற தங்கச்சியை அடிக்கறது... அவங்களோட பாஷை இதுதான்.

ஸ்கேன் எடுத்தது தப்பு இல்ல. முதல்ல டாக்டர்கிட்ட காட்டித்தான் ஆகணும், உடம்புல நிஜமாவே ஏதாவது இருக்கலாம். ஆனா ரிப்போர்ட் நார்மல்னு வந்த உடனே 'ஒண்ணுமில்ல'ன்னு ஃபைலை மூடினோம் பாருங்க, அங்கதான் கோட்டை விட்டோம். வலி வர்ற நாளை ஒரு காலண்டர்ல குறிச்சிருந்தா ஒரு மாசத்துல விஷயம் வெளிய வந்திருக்கும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் வராத வலி, காலாண்டு லீவுல வராத வலி, ஞாயித்துக்கிழமை ராத்திரி கரெக்டா வருதுன்னா அது பள்ளிக்கூடத்து வலி.

'இதையெல்லாம் எங்ககிட்ட ஏன் சொல்ற? அப்பா அம்மா பாத்துப்பாங்க'ன்னு நீங்க கேக்கலாம். நெஞ்சுல கை வெச்சு சொல்லுங்க, உங்க வீட்டுல தம்பி தங்கச்சியோட ராங்க் கார்டுல கையெழுத்துப் போடறது யாரு? பேரன்ட்ஸ் மீட்டிங்குக்குப் போறது யாரு? ஸ்காலர்ஷிப் ஃபாரம் நிரப்பறது, சாதிச் சான்றிதழுக்கு தாலுகா ஆபீஸ்ல நிக்கறது, புதுமைப்பெண் திட்டத்துல மாசாமாசம் வர்ற ஆயிரம் ரூபாய்ல தம்பிக்கு நோட்டு வாங்கறது? எங்க ஊர்ப்பக்கம் முதல் தலைமுறையா காலேஜ் வந்த அத்தனை பேரும் பாதி அப்பா, பாதி அம்மா. 2021 அக்டோபர்ல இல்லம் தேடிக் கல்வி ஆரம்பிச்சப்போ, சாயங்காலம் தெருப் பசங்களை உக்கார வெச்சு பாடம் சொல்லிக் கொடுத்தவங்கள்ல நிறைய பேர் நம்மள மாதிரி ஆளுங்கதானே. அந்த வேலையில பாதி, பாடமா இருந்திருக்காது.

மாவு மில்லுக்குப் போற வழியில...

தம்பி வாயைத் திறந்தது எங்கன்னு சொல்றேன். நான் மூணு வாரம் கேட்டுப் பாத்தேன். எதிர்ல உக்கார வெச்சு, ''என்னாடா பிரச்சனை? சொல்லுடா... எதுவா இருந்தாலும் அக்காகிட்ட சொல்லு''ன்னு சி.பி.ஐ. கணக்கா கேட்டேன். ''ஒண்ணுல்ல.'' அவ்ளோதான் பதில்.

ஒரு சனிக்கிழமை மாவு அரைக்கறதுக்கு ரெண்டு பேரும் சைக்கிள்ல போனோம். அவன் பின்னாடி தூக்கைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தான். மில்லுல க்யூ. பக்கத்து பக்கத்துல திண்ணையில உக்காந்து, ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பாக்காம, ரோட்டைப் பாத்துக்கிட்டு இருந்தோம். நான் சும்மா என் கதையைச் சொன்னேன். ''ஃபர்ஸ்ட் செமஸ்டர்ல கிளாஸ்ல இங்கிலீஷ்ல கேள்வி கேட்டாங்கடா. எனக்குப் பதில் தெரியும், வாய் வரல. எல்லாம் சிரிச்சாங்க. மறுநாள் காலேஜுக்குப் போவவே புடிக்கல.''

கொஞ்ச நேரம் மில்லு சத்தம். அப்புறம், ''எங்க கிளாஸ்ல மார்க்கு வாரியா உக்கார வெப்பாங்கக்கா''ன்னான்.

அப்படியே ஒவ்வொண்ணா வந்துச்சு. கடைசி பெஞ்சுக்கு ஒரு பட்டப்பேரு. திங்கட்கிழமை ஃபர்ஸ்ட் பீரியட்ல டெஸ்ட் பேப்பர் கொடுப்பாங்க, மார்க்கை சத்தமா படிப்பாங்க. அந்தப் பட்டப்பேரை இன்டர்வெல்ல மத்தப் பசங்களும் சொல்லிக் கூப்பிடறாங்க. டிபன் பாக்ஸை ஒளிச்சு வெக்கறாங்க. பள்ளிக்கூடத்துப் பேரு இங்க வேணாம், விடுங்க. அது அந்த ஒரு பள்ளிக்கூடத்துக் கதை மட்டும்னு நான் நம்பல.

எனக்கு வந்த கோவத்துக்கு அப்பவே போய் சண்டை போட்டிருப்பேன். ''வேணாங்கா, அப்புறம் இன்னும் சொல்லுவாங்க''ன்னு கையைப் பிடிச்சுக்கிட்டான். இந்த இடத்துல நம்மள மாதிரி ஆளுங்க ஒரு தப்பு பண்ணுவோம். பசங்க சொல்லி முடிக்கறதுக்கு முன்னாடியே தீர்வு சொல்ல ஆரம்பிச்சிடுவோம். 'நீ திருப்பி அடி', 'நல்லா படிச்சு காட்டு', 'இதுக்கெல்லாமா அழுவாங்க, நாங்கல்லாம் அந்தக் காலத்துல...' போச்சு! அடுத்த தடவை அந்தக் கதவு திறக்காது. நான் அன்னிக்கு ஒண்ணே ஒண்ணு கேட்டேன். ''நான் என்னா பண்ணா உனக்கு நல்லாருக்கும்?'' ரொம்ப நேரம் யோசிச்சுட்டு, ''அப்பாவை விட்டுப் பேசச் சொல்லு. கத்தாம பேசச் சொல்லு''ன்னான்.

அப்பா வெள்ளைச் சட்டை போட்டுக்கிட்டு ஹெட்மாஸ்டரைப் பாக்கப் போனார். நான் பக்கத்துல. 2009-ம் வருஷத்து கட்டாயக் கல்விச் சட்டத்துல 17-ம் பிரிவு இருக்கு, குழந்தையை அடிக்கறது மட்டும் இல்ல, மனரீதியா துன்புறுத்தறதும் கூடாதுன்னு அதுல தெளிவா இருக்குன்னு நான் பேப்பர்ல எழுதி எடுத்துட்டுப் போயிருந்தேன். அதை வெளிய எடுக்கவே தேவைப்படல. அப்பா, ''சார், என் பையன் சுமாராத்தான் படிப்பான். அவன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டா போதும் சார்''ன்னார். பெஞ்சு மாறுச்சு. பட்டப்பேரு ஒரே நாள்ல போயிடல, கொஞ்சம் கொஞ்சமாத்தான் தேய்ஞ்சுது.

எங்க ஊருக்கு வந்த ரெண்டு இடி

கள்ளக்குறிச்சின்னு கூகுள்ல தட்டினா என்ன வரும்னு உங்களுக்கே தெரியும். 2019 நவம்பர்ல விழுப்புரத்துலேர்ந்து பிரிஞ்சு தனி மாவட்டம் ஆச்சு. அதை யாரும் ஞாபகம் வெச்சுக்கல. ஞாபகம் வெச்சிருக்கறது ரெண்டு விஷயம்.

2022 ஜூலை 13. சின்னசேலம் பக்கத்துல கனியாமூர்ல ஒரு தனியார் பள்ளி வளாகத்துல பிளஸ் டூ மாணவி இறந்து கிடந்தா. ஜூலை 17-ல பள்ளிக்கூடமே சூறையாடப்பட்டு பஸ்ஸெல்லாம் எரிஞ்சுது. என்ன நடந்துச்சுங்கறது விசாரணைக்கும் கோர்ட்டுக்கும் உரிய விஷயம், நான் அதுக்குள்ள போகல. நான் கேக்கறது வேற. அந்த வாரம் மாவட்டத்துல இருந்த அத்தனை பள்ளிக்கூடத்துப் பசங்களும் அந்த வீடியோக்களை எத்தனை தடவை பாத்திருப்பாங்க? வாட்ஸ்அப்ல வந்ததை நாமதானே வீட்டுல சத்தமா ஓட விட்டோம். பக்கத்துல உக்காந்து ஹோம்வொர்க் எழுதிட்டிருந்த பொண்ணு தலையைத் தூக்கல, அதனால கேக்கலன்னு நெனைச்சோம். சின்னப் பிள்ளைங்களுக்கு ஒரே வீடியோவைப் பத்து தடவை பாத்தா பத்து சம்பவம் நடந்த மாதிரி தோணும். போனை அணைச்சுட்டு, 'நீ என்ன கேள்விப்பட்ட? உனக்கு என்ன பயம்?'னு கேட்ட வீடுகள் எத்தனை இருந்திருக்கும்?

ரெண்டாவது, 2024 ஜூன். கருணாபுரம். மெத்தனால் கலந்த சாராயம் குடிச்சு 60 பேருக்கு மேல செத்துப்போனாங்க. ஒரே தெருவுல அடுத்தடுத்து பந்தல். அப்பா அம்மா ரெண்டு பேரையும் இழந்த பிள்ளைகளுக்கு 18 வயசு வரைக்கும் மாசம் 5,000 ரூபாய், 5 லட்ச ரூபாய் வைப்புத்தொகை, படிப்புச் செலவுன்னு அரசு அறிவிச்சது. பணம் வேணும்தான், யாரு இல்லன்னா? ஆனா அந்தப் பிள்ளையைச் சாயங்காலம் பள்ளிக்கூடத்துலேர்ந்து கூட்டிட்டு வர்ற பெரியம்மாவுக்கும் தாத்தாவுக்கும் இன்னொரு விஷயமும் தெரியணும்.

சாவு வீட்டுல குழந்தைங்க விளையாடும். அழுதுட்டு இருக்கும், திடீர்னு எழுந்து போய் கோலி ஆடும், திரும்ப வந்து அழும். 'அப்பன் செத்த துக்கம் கூட இல்ல பாரு'ன்னு ஊரு பேசும். பெரியவங்க துக்கத்துல கழுத்தளவு நிப்பாங்க, பிள்ளைங்க அதுல இறங்கி இறங்கி ஏறும். அவ்வளவுதான் வித்தியாசம். 'அப்பா ஊருக்குப் போயிருக்காரு', 'தூங்கறாரு'ன்னு சொல்றது கருணைன்னு நெனைக்கறோம். பிள்ளை வாசலைப் பாத்துட்டே இருக்கும், இல்லன்னா தூங்கவே பயப்படும். 'செத்துட்டாரு, இனிமே வர மாட்டாரு, நான் இருக்கேன்'னு நேரா சொல்றதுதான் நல்லது. அதே கேள்வியை மறுநாளும் கேக்கும். அதே பதிலை, அதே குரல்ல திரும்பச் சொல்லணும். 'அன்னிக்கு நான் அப்பாகிட்ட சண்டை போட்டேனே, அதனாலயா?'ன்னு சின்னப் பிள்ளைங்க உள்ளுக்குள்ள நம்பும், வெளியில கேக்காது. கேக்காமலே 'உன்னால இல்ல'ன்னு சொல்லிடணும்.

சாராயத்துல செத்தவங்க பிள்ளைகளுக்கு இன்னொரு சுமை, வெக்கம். ஆக்சிடென்ட்ல அப்பா போனா ஊரு அணைச்சுக்கும். இதுல ஊரு முதுகுக்குப் பின்னாடி பேசும். கிளாஸ்ல யாராவது ஒருத்தன் அதைச் சத்தமா சொல்லிட்டா, அந்தப் பையனுக்கு அது ரெண்டாவது சாவு.

மலை மேல...

கச்சிராயபாளையம், கோமுகி அணை தாண்டி ஏறினா கல்வராயன் மலை. வெள்ளிமலை, கரியாலூர், சேராப்பட்டு, இன்னாடு... டூர் அடிச்சு அருவியில குளிச்சு செல்ஃபி எடுத்திருப்பீங்க. 1976 வரைக்கும் ஜாகீர்தார்கள் கையில இருந்த மலை அது. அதுக்கப்புறம்தான் அரசாங்கம் உள்ள வந்துச்சு. மலையாளி பழங்குடி மக்கள்தான் அங்க பெரும்பான்மை. 2024 சம்பவத்துக்கு அப்புறம் ஜூலை மாசம் சென்னை ஹைகோர்ட்டே தானா முன்வந்து இந்த மலை மக்களோட வாழ்க்கை நிலைமை பத்தி வழக்கு எடுத்துச்சு.

மலையில சாமை, மரவள்ளி போட்டு வருஷம் பூரா சாப்பிட முடியாது. அப்பா அம்மா கேரளா எஸ்டேட்டுக்கோ, திருப்பூருக்கோ, பெங்களூர் கட்டட வேலைக்கோ போவாங்க. செம்மரம் வெட்டப் போய் ஆந்திரா ஜெயில்ல மாட்டின அப்பாக்களும் உண்டு. பிள்ளை ஆயாகிட்ட இருக்கும், இல்ல உண்டு உறைவிடப் பள்ளியில இருக்கும். பிரிஞ்சு போறது அந்தப் பெத்தவங்க தப்பு இல்ல. பிள்ளை சாப்பிடறதுக்காகத்தான் போறாங்க. ஆனா பிரியறதுல ஒரு முறை இருக்கு, அதை யாரும் அவங்களுக்குச் சொல்லித் தரல.

விடியக்காலையில பிள்ளை தூங்கும்போது நைசா கிளம்பறது ரொம்பப் பேர் பண்றது. 'அழுவான்ல'ன்னு சொல்வாங்க. எழுந்து பாத்தா ஆள் இல்ல. அப்புறம் அந்தப் பிள்ளைக்கு எந்த ராத்திரியும் நிம்மதியா தூக்கம் வராது. எழுப்பி, சொல்லிட்டு, அழ விட்டு, அப்புறம் போகணும். 'அடுத்த வாரம் வந்துடுவேன்'னு பொய் சொல்லவே கூடாது. ஆறு வயசுப் பிள்ளைக்குத் தேதி புரியாது, பண்டிகை புரியும். 'ஆடிப்பெருக்குக்கு வருவேன்', 'பொங்கலுக்கு நாலு நாள் முன்னாடி வருவேன்'னு சொல்லணும், சொன்னா வரணும். அம்மாவோட பழைய புடவை ஒண்ணு போர்வையா கூட இருந்தா பெரிய தைரியம். போன் பேசற நேரம் ஒண்ணா இருக்கணும். மலையில டவர் எப்ப கிடைக்கும்னு தெரியாது, சரி. ஆனா ஹாஸ்டல் வார்டன் போன்ல ஞாயித்துக்கிழமை நாலு மணின்னா நாலு மணி. பேசும்போது முதல் கேள்வி 'என்ன மார்க்கு?'ன்னு இருக்கக் கூடாது. 'இன்னிக்கு யாரு கூட விளையாடின?'ன்னு கேட்டுப் பாருங்க. 'யாரு கூடவும் இல்ல'ன்னு ரெண்டு மூணு வாரம் தொடர்ந்து பதில் வந்தா, அந்த ஒரு பதிலுக்காகவே நேர்ல ஒரு தடவை போயிட்டு வரலாம்.

எப்போ டாக்டர்?

பெங்களூர் நிம்ஹான்ஸ் நடத்தின தேசிய மனநல ஆய்வு 2015-16-ல வந்துச்சு. 13-லேர்ந்து 17 வயசுக்குள்ள நூத்துக்கு ஏழு பேருக்கு மேல ஏதோ ஒரு மனநலப் பிரச்சனை இருக்குன்னு அதுல சொல்றாங்க. நாப்பது பேர் கிளாஸ்ல கிட்டத்தட்ட மூணு பேர். மனநலப் பிரச்சனைகள்ல மூணுல ஒரு பங்கு 14 வயசுக்குள்ளயே ஆரம்பிச்சிடுதுன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. ஆனா நாம கல்யாணம் பேசற வயசுலதான் கவனிக்க ஆரம்பிக்கறோம்!

ஒரு நாள் மூட் அவுட் எல்லாருக்கும் வரும். ரெண்டு வாரத்துக்கு மேல தூக்கம், சாப்பாடு, விளையாட்டு மூணும் மாறிப்போனா ஆள் பாக்கணும். 'நான் இருந்து என்ன பண்ணப் போறேன்'ங்கற மாதிரி பேச்சு வந்தா ரெண்டு வாரம் எல்லாம் காத்திருக்காதீங்க. 'சாகணும்னு தோணுதா?'ன்னு நேராவே கேளுங்க. கேட்டா அந்த எண்ணத்தை நாமளே ஊட்டின மாதிரி ஆயிடும்னு பயப்பட வேணாம், அப்படி ஆகறதில்ல. கேட்டா பிள்ளைக்கு பாரம்தான் குறையும். அன்னிக்குத் தனியா விடாம கூடவே இருந்து டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க. 14416-க்கு ராத்திரி பகல் எப்ப வேணா போன் போடலாம், காசு கிடையாது, தமிழ்லயே பேசுவாங்க. அடி, பாலியல் தொல்லைன்னா 1098. எங்க மாவட்டத்துக்கு சிறுவங்கூர்ல அரசு மருத்துவக் கல்லூரி 2022-லேர்ந்து இருக்கு. மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரின்னாலே மனநலப் பிரிவு உண்டு. 'பைத்தியக்கார டாக்டர்'னு ஆயா சொல்வாங்க. 'தூக்கத்துக்கும் வயித்துக்கும் பாக்கற டாக்டர் ஆயா'ன்னு சொல்லிக் கூட்டிட்டுப் போங்க. பொய்யும் இல்ல.

பரீட்சை ரிசல்ட் விஷயத்துல தமிழ்நாடு ஒரு நல்ல காரியம் பண்ணியிருக்கு. முன்னாடி ஒரு பேப்பர் போனா ஒரு வருஷம் போச்சு. ரிசல்ட் அன்னிக்கு வர்ற சாவுச் செய்திகளைப் பாத்துட்டு, 1986-லேர்ந்து சென்னையில 'சினேகா' தற்கொலைத் தடுப்பு மையத்தை நடத்திட்டு வர்ற டாக்டர் லட்சுமி விஜயகுமார் மாதிரி ஆளுங்க, உடனே மறுதேர்வு வைங்கன்னு விடாம கேட்டாங்க. இப்போ ஃபெயில் ஆனா அதே வருஷம் எழுதிட்டு காலேஜ் சேரலாம். என் கிளாஸ்லயே அப்படி வந்தவங்க இருக்காங்க. ரிசல்ட் வர்றதுக்கு முந்தின நாள் ராத்திரியே இதை வீட்டுல சாப்பிடும்போது பேசிடுங்க. வந்த பிறகு சொன்னா காதுல ஏறாது.

கடைசியா ஒண்ணு. நமக்கும் பத்தொம்பது, இருபது வயசுதான் ஆகுது. அப்பா குடியை நிறுத்தறது, அம்மா அழுகையை நிறுத்தறது, தம்பி படிப்பு எல்லாத்தையும் நம்ம தலையிலயே தூக்கி வெச்சுக்கிட்டு அரியர் வெச்சவங்களை எனக்குத் தெரியும். நானே ஒண்ணு வெச்சேன். அந்த 14416 நமக்கும் சேர்த்துதான். தம்பி விஷயத்துல நான் பண்ணின ஒரே உருப்படியான வேலை, நான் பேசாம அப்பாவைப் பேச விட்டது.

போன வாரம் ஞாயித்துக்கிழமை ராத்திரி ஹாஸ்டலுக்கு போன் வந்துச்சு. தம்பி.

''அக்கா... வயிறு வலிக்குது.''

எனக்கு ஒரு நிமிஷம் மூச்சே நின்னுபோச்சு. மெல்ல கேட்டேன், ''ஸ்கூல் வலியாடா?''

''இல்லக்கா. பரோட்டா வலி. மாமா வாங்கிட்டு வந்தாரு... ஆறு சாப்ட்டேன்.''